தொட்டி நிறைந்ததை யார் பார்த்தது?

“மேடம், உன் பொட்டி நிக்கலை. தண்ணி மாடிப்படி வழியா எறங்கி வந்துக்கினு கீது. இன்னா பண்றது சொல்லு.”

செல்போனில் தங்கவேல். சாந்தோமில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். அவர் குரலுக்குப் பின்னால் அருவி கொட்டுவது போல ஓசையும், அதற்கும் மேலே சில பெண்களின் கூச்சலும் கேட்டன.

“கீழ மெயின் சுவிட்சை அணைச்சிடுங்கண்ணே!” என்று பதறினாள் கரோல்.

“அத்த அப்பவே அணைச்சிட்டேன். நான் வந்து அணைக்கணும்னா நீ இன்னாத்துக்குப் பொட்டி வச்சேன்னுதான் கேக்கறேன்.”

நியாயமான கேள்விதான்.

அடையாறில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவள் கம்பெனி. தயாரிப்பு ஒன்றே ஒன்று. மோட்டாரோடு இணைக்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. மொட்டை மாடி டேங்க் காலியானால் அதுவே மோட்டாரைப் போடும், நிறைந்தால் அதுவே நிறுத்தும். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் செல்போன் ஆப்பில் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். சாந்தோமில் பெட்டி மாட்டிய நாளிலிருந்து இது இரண்டாவது வெள்ளம்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சிப். சிப்புக்குள் தபாலாபீஸ் பெட்டிகள் மாதிரி நம்பர் போட்ட சின்னச் சின்ன அறைகள். ரிஜிஸ்டர் என்பார்கள். டேங்க் நிறைந்து, விளிம்பில் பொருத்தியிருக்கும் கம்பியைத் தண்ணீர் தொட்டதும், சிப் தன் நாலாம் நம்பர் அறையில் ஒரு ‘1’ போட்டு வைக்கும். கரோல் எழுதிய டிரைவர், அதாவது சிப்போடு பேசுகிற புரோகிராம், சில விநாடிக்கு ஒருமுறை அந்த அறையை எட்டிப் பார்த்து, ‘1’ இருந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். அறையைப் படிக்க ஒரு குட்டி ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு துண்டு; அறையில் எழுத இன்னொரு குட்டி ஃபங்ஷன். ஆப் முதல் மோட்டார் வரை எல்லாம் அந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைப்பு நடத்தின.

அந்த இரண்டையும் எழுதியவன் அவளோடு வேலை பார்த்த உபைத். எழுத்தில் பரம சிக்கனக்காரன். படிப்பதற்கு ‘r’ என்று பெயர் வைத்தான். எழுதுவதற்கு ‘w’. அத்தோடு பெயர் சூட்டு விழா முடிந்தது.

“r-னு பாத்தா யாருக்கு என்ன புரியும் உபைத்?” என்று ஆரம்பத்திலேயே சண்டை போட்டாள் கரோல். “ஒவ்வொரு ரிஜிஸ்டரும் ஒவ்வொரு குணம். அதுக்கேத்த மாதிரி தனித்தனியா எழுதி, என்ன பண்ணுதுன்னு பேர்லயே சொல்லணும்.”

“படிக்கிறோம். அவ்ளோதான். படிச்சா தேஞ்சா போயிடும்?” என்றான் உபைத்.

முதலாளி ஷரீஃபிடம் போனாள். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டார். “பேர் வைக்கறதுக்கு இங்க என்ன தொட்டிலா கட்டி வச்சிருக்கோம்? ஓடுற புரோகிராம் கோடைத் தொடாத கரோல்.”

இப்போது ஓடிக்கொண்டிருந்தது கோடு அல்ல, தண்ணீர். ஷரீஃப் தன் அறையை விட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வருகிறார் என்றாலே யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“ஸ்தனிஸ்லாஸ் போன் பண்ணார். அங்க அசோசியேஷன் செக்ரட்டரி. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு, பெட்டி இருக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றாங்களாம். வேணாம்னுட்டா நமக்கு இந்தச் சாந்தோம், மயிலாப்பூர் பக்கம் தலைகாட்ட முடியாது. அப்புறம் டிரைவர் மொத்தமும் உபைத் கைக்குப் போயிடும். நீ யூசர் மேனுவல் எழுது. பேர் வைக்கிற ஆசையெல்லாம் அதுல தீர்த்துக்கலாம்.”

கரோல் தன் மேஜைக்குத் திரும்பினாள். யூசர் மேனுவல்! ‘பெட்டியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள்’ என்று ஆயுசுக்கும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் உபைத்தின் r-ஐயும் w-வையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஆபீஸ் பாத்ரூமில் வாளியும் டியூபும் வைத்துச் சோதித்தால் பெட்டி தங்கமாக நடந்துகொண்டது. வாளி நிறைந்த கணமே மோட்டார் நிற்கும். எத்தனை முறை செய்தாலும் நிற்கும். சாந்தோமுக்குப் போனால்தான் அதற்குச் சனி பிடித்தது.

“எல்லாரையும் கவனிக்கச் சொல்லுவோம்,” என்று முடிவு செய்தாள் கரோல். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பணிவாக ஒரு செய்தி போட்டாள். மோட்டார் ஓடும்போது அனைவரும் தயவுசெய்து ஆப்பைத் திறந்து வைத்துக் கவனிக்கவும், டேங்க் நிறைந்தது என்று காட்டினால் உடனே தெரிவிக்கவும்.

சாந்தோம்காரர்கள் கடமை தவறாதவர்கள். சமையலை விட்டுவிட்டு ஆப்பைப் பார்த்தார்கள். மறுநாள் காலை, “நிறைஞ்சிடுச்சுன்னு எனக்குக் காட்டுச்சு!” என்று இரண்டாம் மாடி ஜாஸ்பர் குழுவில் எழுதினார். “எனக்கு இன்னும் காட்டலையே” என்றார்கள் மற்ற எல்லோரும். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கைப்பிடிச் சுவர் ஓட்டை வழியாக ஜாஸ்பரின் பால்கனியில் இறங்கியது. போன தடவையை விட அதிகம்.

“ஆப் பொய் சொல்லுது,” என்றாள் கரோல்.

ஆப்பை எழுதிய உபைத்துக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. “என் ஆப் பொய் சொல்லாது. நாலாம் நம்பர்ல என்ன இருக்குன்னு விடாம படிச்சுப் பதிவு பண்ற மாதிரி ஒரு வரி போடறேன். குட்டு யாருதுன்னு வெளிய வந்துடும்.”

போட்டான். அன்றோடு பெட்டி நிறுத்துவதையே மறந்துவிட்டது. அதுவரை யாரும் பார்க்காத வேளையிலாவது ஒழுங்காக நின்றுகொண்டிருந்த மோட்டார், இப்போது எந்த வேளையிலும் நிற்கவில்லை. மொட்டை மாடியில் செக்ரட்டரி வீட்டம்மா ஃப்ளோரன்ஸ் குழம்புத் தூளுக்காகக் காய வைத்திருந்த மிளகாய் அத்தனையும் மிதந்து, ஓடி, படி இறங்கியது. நாலு மாடியிலும் தும்மல் சத்தம்.

“யம்மா, நீ நேர்ல வா,” என்றார் தங்கவேல். “போன்ல சொல்ற கேஸ் இல்ல இது.”

மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தாள் கரோல். மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு ஒயர் வெள்ளைப் பெட்டிக்குள் போனது. டேங்க் விளிம்பு வரை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃப்ளோரன்ஸ், மிஞ்சிய மிளகாயை ஒரு பழைய வேட்டியில் பரப்பிக்கொண்டிருந்தார். நரைத்த முடியைக் கொண்டை போட்டு, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. ரிடையரான டீச்சராக இருக்கும் என்று கரோல் நினைத்துக்கொண்டாள். சாந்தோமில் இந்த வயதில் ஒரு ஆன்ட்டியைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது.

முதலில் உபைத் போட்ட வரியைத் தூக்கி, மற்ற புரோகிராம்களையும் நிறுத்தி வைத்தாள். அப்புறம் நாலாம் நம்பர் அறையைத் தன் கையாலேயே படித்துப் பார்த்தாள். ‘1’ என்று வந்தது. சரி, டேங்க் நிறைந்திருக்கிறது. கை பழக்கத்தில் இன்னொரு முறை படித்தாள். ‘0’ என்று வந்தது.

கரோல் எழுந்து டேங்கை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. கம்பி நனைந்தபடியேதான் இருந்தது.

“அடப்பாவி!” என்று கத்தினாள். மிளகாய் பரப்பிய கை நின்றது.

“என்னம்மா ஆச்சு?”

“படிச்சா அழிஞ்சிடுது ஆன்ட்டி! டேங்க் நிறைஞ்சதும் இந்த சிப் ஒரே ஒரு தடவைதான் சொல்லுது. யார் முதல்ல கேக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும். சொன்ன கையோட துடைச்சிடுது. ஜாஸ்பர் அங்கிள் ஆப்ல பாத்தாரு பாருங்க, அதோட விஷயம் காலி. மோட்டாரை நிறுத்தற புரோகிராம் வந்து கேட்டா, ‘அப்படி ஒண்ணும் நடக்கலையே’ன்னு முழிக்குது. நீங்கல்லாம் பாக்கப் பாக்கத்தான் தண்ணி கொட்டியிருக்கு!”

ஃப்ளோரன்ஸ் எழுந்து வந்து, திறந்திருந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். “இதுக்குள்ளயா?”

“இந்தக் கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கு பாருங்க, இதேதான். எந்த மடையன் இதை டிசைன் பண்ணான்னு தெரியல. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

“ஏம்மா, அவ்வளவு மோசமா?”

“மோசமாவா! ஒருத்தர் ஃப்ரிட்ஜைத் திறந்து பால் இருக்கான்னு பாத்தா, பாத்ததுக்கே பால் காணாமப் போனா எப்படி இருக்கும்? அந்த ஃப்ரிட்ஜைச் செஞ்சவனை நீங்க சும்மா விடுவீங்களா? அதுவும் அந்த ரிஜிஸ்டருக்கு என்ன பேர் வச்சிருக்கான் தெரியுமா? ‘ஸ்டேட்டஸ்’. சாது மாதிரி ஒரு பேர்! நிச்சயம் கல்யாணம் ஆகாத தடியனாத்தான் இருப்பான். வீட்டுல நாலு பேரோட இருந்து பழகினவனுக்கு இப்படி ஒரு யோசனையே வராது. ஏசி ரூம்ல உக்காந்து, தண்ணியையே பாக்காம...”

கரோலுக்கு அன்று வாய் நன்றாக வந்தது. அந்த முகம் தெரியாத ஆளின் படிப்பு, பரம்பரை, மூளையின் எடை எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஃப்ளோரன்ஸ் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கீழே போய் ஒரு சொம்பு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்து, “குடிச்சிட்டு மிச்சத்தையும் திட்டும்மா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஸ்தனிஸ்லாஸ் மேலே வந்தார். பாதிப்பேர் தும்முகிற குடியிருப்புக்குச் செக்ரட்டரியாக இருப்பது சுலபமில்லை. “காரணம் கிடைச்சிடுச்சா? அப்ப இப்பவே சரி பண்ணு. நான் பாத்துட்டுத்தான் கீழ போவேன்.”

கரோல் உபைத்துக்குப் போன் போட்டாள். அவன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். பிறகு, “சிம்பிள் கரோல். ஆப் படிச்சதும் அழியுது, அவ்ளோதானே? படிச்ச ஒண்ணை w வச்சு அதே நாலாம் நம்பர்ல திருப்பி எழுதிடு. எடுத்த இடத்துல வச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

நின்று யோசித்திருந்தால் கரோல் அதைச் செய்திருக்க மாட்டாள். ஆனால் தலைக்கு மேல் செக்ரட்டரி நிற்கும்போது யாரால் யோசிக்க முடியும்? ஒரே ஒரு வரி. எழுதி, ஏற்றி, தங்கவேலிடம் கீழே சுவிட்சைப் போடச் சொன்னாள். கொஞ்சம் தண்ணீர் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினார்கள். மோட்டார் ஓடியது, நிறைந்தது, அழகாக நின்றது. ஸ்தனிஸ்லாஸ் முகத்தில் முதல் முறையாகப் புன்னகை. அந்தச் சந்தோஷத்தில் அவர் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். டேங்கில் கையை விட்டுத் தண்ணீரை அளைந்தார். அப்படியே ஆப்பைத் திறந்து பார்த்தார்.

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்த சிப்பில் நாலாம் நம்பர் அறைக்கு இரண்டு வேஷம். படித்தால் அது தகவல். எழுதினால் அது கட்டளை. ‘1’ என்று எழுதினால் மோட்டாரைப் போடு என்று அர்த்தம். w என்ற ஒற்றை எழுத்தில் அதெல்லாம் எங்கே தெரியும்? “நிறைந்துவிட்டதா?” என்று ஆப் கேட்க, “நிறைந்துவிட்டது” என்று சிப் சொல்ல, “அப்படியென்றால் மோட்டாரைப் போடு” என்று கரோலின் வரி உத்தரவு போட்டுவிட்டது. தண்ணீர் அலையடித்துக் கம்பியைத் தொடும்போதெல்லாம், என்ன கூத்து என்று பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம், மோட்டாருக்குப் புதுப்புது வேகம் பிறந்தது. மிச்சமிருந்த மிளகாயும் படி இறங்கியது.

“போதும்!” என்றார் ஸ்தனிஸ்லாஸ், முழங்கால் வரை நனைந்து. “நாளைக்குக் காலையில வந்து பெட்டியைக் கழட்டிட்டுப் போயிடுங்க. கூட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கரோல் அழுதாள். நன்றாகவே அழுதாள். தோற்றதற்குக்கூட இல்லை. தான் எதைக் கூடாது என்று சண்டை போட்டாளோ அதையே தன் கையால் செய்ததற்காக அழுதாள்.

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது போன் வந்தது. ஸ்தனிஸ்லாஸ்தான். குரலில் உற்சாகமே இல்லை.

“கழட்ட வேணாம்மா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். நான் சொல்லல, எங்க வீட்டுல சொல்றாங்க. அந்தப் பொண்ணு காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டா, இனிமே சரி பண்ணிடுவாங்கறாங்க. மிளகாய் போனவங்களே சொல்லும்போது நான் என்ன பண்றது?”

கரோல் நேராக ஆபீஸுக்குப் போனாள். ஷரீஃப் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“சார், இந்த வாரம் யாரும் கோடைத் தொடக்கூடாது. r, w ரெண்டையும் தூக்கப் போறேன்.”

“என்னது?”

“ஞாயித்துக்கிழமை நிக்கலைன்னா நானே மேனுவல் எழுதறேன். கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?”

ஷரீஃப் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திடம் கையெழுத்துக் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. “சரி, பண்ணு,” என்று கணக்குக்குத் திரும்பினார்.

அந்த வாரம் கரோல் கோடு எழுதினாள் என்று சொல்வதை விட வீடு ஒழித்தாள் என்று சொல்லலாம். நாலாம் நம்பர் அறையை நேராகத் தொடும் உரிமையை ஒரே ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தாள். மோட்டாரை நிறுத்துகிற புரோகிராம் மட்டும்தான் அதைக் கூப்பிடலாம். படித்ததை அது பத்திரமாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். ஆப்போ, பதிவோ, வேறு யாரோ, அந்தப் பிரதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு ‘கடைசியாகப் பார்த்தது’ என்று பெயர். எழுதுகிற பக்கத்துக்கு ‘மோட்டாருக்குக் கட்டளை’ என்று தனிப்பெயர். இனி யாரும் தகவலைத் திருப்பி வைப்பதாக நினைத்து மோட்டாரைப் போட்டுவிட முடியாது.

படிக்கிற அந்த ஒரே ஃபங்ஷனுக்குத்தான் அவள் அதிக நேரம் யோசித்தாள். கடைசியில் ஆங்கில எழுத்தில் அடித்தாள்: பாத்தா_போச்சு.

உபைத் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு தன் ஆப்பில் அந்த இடத்துக்குப் போனான். கூப்பிடலாமா என்று கை நீண்டது. பெயரைப் படித்தான். கை தானே பின்வாங்கியது.

“யோசிக்க வச்சிடுச்சு கரோல்,” என்றான். நல்ல பிள்ளை, ஒத்துக்கொண்டான்.

ஷரீஃபுக்குத்தான் கௌரவப் பிரச்சினை. “நாளைக்கு வெளிநாட்டுக்காரன் யாராவது கோடைப் பாத்தா என்ன நினைப்பான்?”

“கேட்டுத் தெரிஞ்சுப்பான் சார். r-ஐப் பாத்து யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, போட்ட நல்ல துணியோடு மொத்தக் குடியிருப்பும் மொட்டை மாடிக்கு வந்தது. ஷரீஃபும் உபைத்தும் ஒரு ஓரமாக நின்றார்கள். முன் ஜாக்கிரதையாக எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு கம்பெனியின் ஆள் ஒருவர், நீலப் பெட்டி ஒன்றை அட்டையோடு தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் காத்திருந்தார். ஜாஸ்பர்தான் வரச் சொன்னாராம்.

“எல்லாரும் ஆப்பைத் திறங்க,” என்றாள் கரோல்.

யாரும் திறக்கவில்லை. பட்டவர்கள்.

“திறங்க அங்கிள், பயப்படாதீங்க. விடாம பாருங்க. எவ்வளவு பேர் பாக்கறீங்களோ அவ்வளவு நல்லது.”

ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கீழே தங்கவேல் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறியது. இத்தனை விரல்கள் இத்தனை திரைகளைத் தேய்க்க, கரோல் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உபைத் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் விளிம்பை நெருங்கியது. கம்பியைத் தொட்டது.

எல்லாச் செல்போன்களிலும் ஒரே நேரத்தில் ‘நிறைந்தது’ என்று வந்தது. மோட்டார் நின்றது.

ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பிறகு யாரோ கைதட்ட, மொத்த மாடியும் கைதட்டியது. “இன்னொரு வாட்டி!” என்றார் ஜாஸ்பர். திறந்துவிட்டு, நிரப்பி, மறுபடி. நின்றது. குழந்தைகள் போட்டி போட்டு ஆப்பைத் தட்டினார்கள். நின்றது. நீலப் பெட்டிக்காரர் அட்டையை மூடிக்கொண்டு படி இறங்கினார்.

“நைனா, நின்னுச்சு!” என்று கீழேயிருந்து தங்கவேல் குரல் கொடுத்தார். “இன்னாடா வம்பு, இனிமே நான் நிம்மதியா டீ குடிக்கலாம் போல கீதே!”

ஸ்தனிஸ்லாஸ் எல்லோர் முன்னாலும் கரோலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் குடியிருப்புக்கு மட்டுமில்லை, இதே தெருவில் இருக்கும் மற்ற இரண்டு குடியிருப்புகளுக்கும் தானே பேசுவதாகச் சொன்னார். ஷரீஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இனிமே டிரைவர் பக்கம் முழுக்க கரோல்தான் சார். பேர் வைக்கிறது உட்பட,” என்றார். யூசர் மேனுவல் உபைத்துக்கு. கரோலுக்கு அன்று கால் தரையில் படவில்லை. இத்தனை மாதமாகத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு மொட்டை மாடி முழுக்கச் சாட்சி சொன்னது.

கூட்டம் கலைந்ததும் அவள் ஃப்ளோரன்ஸைத் தேடிப் போனாள். அவர் புது மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க மட்டும் அங்கிள்கிட்ட சொல்லலைன்னா அன்னிக்கே கழட்டியிருப்பேன். மிளகாய் வேற போச்சு உங்களுக்கு.”

“அது கிடக்கட்டும். அந்த ரிஜிஸ்டரைப் படிக்கிற ஃபங்ஷனுக்கு ஏதோ புதுப் பேர் வச்சியாமே, உங்க முதலாளி சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தார். என்ன பேர்?”

கரோலுக்கு வெட்கமாகிவிட்டது. “விளையாட்டா வச்சது ஆன்ட்டி. ‘பாத்தா போச்சு’ன்னு.”

ஃப்ளோரன்ஸ் அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அருமையான பேரும்மா. அந்த சிப்பை நான் டிசைன் பண்றப்பவே இது எனக்குத் தோணியிருந்தா, உன்கிட்ட அவ்வளவு திட்டு வாங்கியிருக்க வேண்டாம்.”